முதல் கத்திக்கு எந்த எஃகு, எந்த நெருப்பு, எந்தக் கருவி?

வீட்டிலேயே ஒரு கத்தி செய்து பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது மெஷினைத்தான். பெல்ட் கிரைண்டர் இல்லாமல் முடியுமா, எத்தனை வாட் கிரைண்டர் வாங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். என்னைக் கேட்டால் அது கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். முதலில் எஃகு, அடுத்து அதற்குப் பதம் ஏற்றும் வழி, அதாவது காய்ச்சி முக்கி இறுக வைக்கும் வழி, அதற்கப்புறம்தான் கருவி. முதல் இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் இரண்டு அரமும், பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸும் போதும். அவை தப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினில் தேய்த்தாலும் தக்காளித் தோலைக்கூட வெட்டாத தகடுதான் கையில் மிஞ்சும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 6 அங்குல அலகு உள்ள ஒரு சமையல் கத்தி. செய்யப்போகிறவருக்குப் பட்டறை அனுபவம் கிடையாது. கையில் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் இருக்கிறது. மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ கொஞ்சம் இடம் உண்டு. அவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் எது தேறும் என்று பார்ப்போம்.

எஃகு

எல்லா இரும்பும் கத்தியாகாது. பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் இறுகும் குணம், இரும்பில் கலந்துள்ள கார்பனால் வருவது. கத்திக்கு 0.5, 0.6 சதவீதமாவது கார்பன் வேண்டும். சமையல் கத்தி போல மெல்லிய கூருக்கு 0.8 முதல் 1 சதவீதம் வரை இருந்தால் நல்லது. கட்டடக் கம்பியும் கிரில் கேட்டுக்குப் போடும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையும் 0.3க்குள் நிற்பவை. அவற்றை எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் கூர் நிற்காது.

நம் ஊரில் கத்தி என்றதும் எல்லோரும் சொல்வது லாரி ஸ்பிரிங் பட்டை. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கலாம், மலிவு, அடி தாங்கும். அரிவாள் அடிக்கும் பட்டறைகளில் இதற்கு இருக்கும் மவுசு நியாயமானதுதான். கருவேல மரத்தை வெட்டும்போது அலகு உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும், அந்த உறுதி ஸ்பிரிங் எஃகில் இருக்கிறது. ஆனால் வீட்டில் சமையல் கத்தி செய்கிறவருக்கு இதில் மூன்று சிக்கல். ஒன்று, கனம். பட்டை 6 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை இருக்கும், வளைந்தும் இருக்கும். சமையல் கத்திக்கு 2, 3 மி.மீ. போதும். அவ்வளவையும் அரத்தால் ராவித் தள்ள முடியாது, உலையில் காய்ச்சி அடித்துத்தான் மெலிய வைக்க வேண்டும். அதற்கு பட்டடைக்கல், சம்மட்டி, குறடு எல்லாம் வேண்டும், கையில் பழக்கமும் வேண்டும். இரண்டு, கார்பன் 0.5, 0.6 அளவில்தான் இருக்கும், கூர் நீடித்து நிற்பது குறைவு. மூன்றாவதுதான் பெரிய சிக்கல். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். அலகுக்கு வடிவம் கொடுத்து, துளை போட்டு, காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது அந்த வெடிப்பு வாயைத் திறக்கும். அத்தனை நாள் உழைப்பும் அங்கேயே போய்விடும்.

அடுத்தது பழைய அரம். நல்ல கம்பெனி அரத்தில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இதை இரண்டு விதமாகக் கையாளலாம். நெருப்பில் செந்நிறத்துக்குக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால் மெதுவாகிவிடும், அதாவது கடினம் குறைந்துவிடும். பிறகு அறுத்து, ராவி, மறுபடி பதம் ஏற்றலாம். இன்னொரு வழி, உலை பக்கமே போகாதது. அரம் ஏற்கெனவே முழுக்க இறுகியிருப்பதால், கேக் சுடும் ஓடிஜி அடுப்பில் 200 முதல் 230 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, மறுபடி ஒரு முறை அதே மாதிரி வைத்தால் உடையும் குணம் குறையும், கடினம் போதுமான அளவு மிஞ்சும். அதன்பின் கிரைண்டரில் மட்டும் வடிவம் கொடுக்க வேண்டும், இறுகிய அரத்தை இன்னொரு அரம் தின்னாது. நெருப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு இது மிக நல்ல வழி. இரண்டு எச்சரிக்கை உண்டு. மேல்தோல் மட்டும் இறுகிய மட்டமான அரங்கள் சந்தையில் இருக்கின்றன, அவற்றைத் தேய்த்தால் உள்ளே மெத்து இரும்புதான் வரும். அப்புறம், அரத்தின் பற்கள் இருந்த பள்ளங்களை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பள்ளம் இருக்கும் இடத்தில்தான் உடைப்பு தொடங்கும். அகலமும் ஒரு தடை. 10 அங்குல அரம் சுமார் 1 அங்குலம்தான் இருக்கும் என்பதால் பழம் நறுக்கும் சிறிய கத்திக்குப் பொருந்துமே தவிர வெங்காயம் நறுக்கும் அகலக் கத்தி வராது.

லேத் பட்டறைகளில் கழித்துப் போடும் பவர் ஹாக்சா பிளேடையும் பலர் கத்தியாக்குகிறார்கள். முழுக்க ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எனும் வெட்டுக்கருவி எஃகால் ஆனதென்றால் அருமையான பொருள். வாங்கும்போதே இறுகியிருக்கும், 500 டிகிரி வரை சூட்டைத் தாங்கும், எனவே கிரைண்டரில் கொஞ்சம் சூடேறினாலும் பதம் போகாது. ஆனால் இப்போது வருவதில் நிறைய பைமெட்டல், அதாவது பல் மட்டும் ஹெச்.எஸ்.எஸ்., முதுகு சாதாரண எஃகு. பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டால் நல்ல எஃகும் சேர்ந்து போய்விடும். முழு ஹெச்.எஸ்.எஸ். பிளேடில் துளை போடவும் சாதாரண டிரில் பிட் செல்லாது, கார்பைடு பிட் வேண்டும்.

பேரிங் வளையம், செயின் இதெல்லாம் அடித்து நீட்டத் தெரிந்தவர்களுக்கு. முதல் கத்திக்கு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம். 440சி போன்ற கத்தி ரகங்களுக்கு 1000 டிகிரிக்கு மேல் கட்டுப்பாடான சூடு தேவை, அது வீட்டு உலையின் வேலை இல்லை. பாத்திரம் செய்யும் 304 ரகமோ காய்ச்சி முக்கினால் இறுகவே இறுகாது.

என் தேர்வு, புதிதாக வாங்கும் ஓ.ஹெச்.என்.எஸ். பட்டை. தகட்டை வெட்டும் டை, பஞ்ச் போன்ற அச்சுக் கருவிகளைச் செய்கிறவர்கள் பயன்படுத்தும் டூல் ஸ்டீல் (கருவி எஃகு) இது, எண்ணெயில் முக்கி இறுக வைப்பது. வெளிநாட்டில் ஓ-1 என்று சொல்வதும் இதையே. கார்பன் 0.9 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூடவே மாங்கனீசு, கொஞ்சம் குரோமியம், டங்ஸ்டன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் டூல் ஸ்டீல் விற்கும் கடைகளில் கேட்டால் தெரியும். மெதுவான நிலையிலேயே வருவதால் சாதாரண ஹாக்சாவால் அறுக்கலாம், அரத்தால் ராவலாம். 3 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளம் என்று எடுத்தால் எடை 300 கிராமுக்கும் குறைவு. ஒரு கத்திக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய இரும்பில் மிச்சம் பிடிக்கும் தொகை இவ்வளவுதான். அதற்காக, என்ன எஃகு என்றே தெரியாத ஒன்றில் பல நாள் உழைப்பைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தெரிந்த எஃகு என்றால் எத்தனை டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும், எதில் முக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். தெரியாத எஃகில் எல்லாமே ஊகம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கார்பன் எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கி அப்படியே வைத்தால் சில நிமிடத்தில் கறுக்கும். கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிற பழக்கம் இருக்கும் வீட்டுக்குத்தான் இது சரிப்படும். கடலோர ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும்.

நெருப்பு

ஓ.ஹெச்.என்.எஸ். எஃகை ஏறக்குறைய 800 டிகிரிக்குக் காய்ச்சி, அந்தச் சூட்டில் சில நிமிடம் நிறுத்தி, எண்ணெயில் முக்க வேண்டும். பிறகு 200 டிகிரியில் இரண்டு முறை இளக்க வேண்டும், அதாவது மிதமான சூட்டில் வைத்து உடையும் குணத்தைக் குறைக்க வேண்டும். இதை நாமே செய்வதா, செய்து வாங்குவதா என்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய முடிவு.

நாமே செய்வதென்றால் கரி உலை போதும். நாலைந்து செங்கல், ஒரு இரும்புக் குழாய், பழைய ஹேர் டிரையர், ஒரு மூட்டை சீமைக்கருவேலங்கரி. குழாய் ஜி.ஐ. பைப்பாக இருக்கக் கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகி நெஞ்சுக்குள் போகும், காய்ச்சலில் தள்ளும். பூச்சில்லாத கறுப்புக் குழாய்தான் வேண்டும். கேஸ் டார்ச் வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். சின்னக் கேன் டார்ச்சால் 6 அங்குல அலகைச் சீராகச் சூடாக்குவது கடினம். சமையல் சிலிண்டரை இதற்கு இழுத்து மாட்டுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கரி உலையில் சூட்டைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. வெயிலில் நிறம் தெரியாது, எனவே பொழுது சாய்ந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். கம்பியில் கட்டிய காந்தத்தை அலகுக்கு அருகில் கொண்டு போங்கள். 770 டிகிரியைத் தொட்டதும் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், எவ்வளவு என்று தெரிந்துகொள்ள சமையல் உப்பே போதும். உப்பு உருகுவது 801 டிகிரியில். அலகின் மேல் ஒரு சிட்டிகை தூவினால், சூடு பற்றாதவரை வெள்ளைப் பொடியாகவே கிடக்கும். சரியான சூடு வந்ததும் கண்ணாடி போல உருகிப் பளபளவென்று படரும். அந்தச் சூட்டிலேயே அலகு முழுக்க ஒரே நிறமாக இருக்கும்படி முன்னும் பின்னும் நகர்த்திச் சில நிமிடம் பிடித்து, நுனி கீழே பார்க்க நேராக எண்ணெயில் இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் போதும். பாத்திரம் உயரமான இரும்புப் பாத்திரமாக இருக்க வேண்டும், எண்ணெய் பற்றிக்கொண்டால் உடனே மூட மூடியும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. எடுத்து ஆறியதும் பழைய அரத்தின் மூலையால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடி மேல் வழுக்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனால் இறுகிவிட்டது. பிடித்துக் கீறினால் இறுகவில்லை, மறுபடி காய்ச்ச வேண்டும்.

இறுகிய அலகு கீழே விழுந்தாலே உடையலாம், எனவே அன்றிரவே ஓடிஜியில் வைத்து இளக்கிவிட வேண்டும். ஓடிஜியின் குமிழ் காட்டும் சூட்டை நம்ப வேண்டாம், இருபது முப்பது டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே வைக்கும் அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எமரித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய அலகு வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி. நீலத்துக்குப் போனால் சமையல் கத்திக்கு வேண்டியதைவிட மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மாற்று, ஹார்டனிங் செய்து தரும் பட்டறை. அம்பத்தூர், கிண்டி, கோயம்புத்தூர் மாதிரி தொழிற்பேட்டை உள்ள இடங்களில் இவை உண்டு. ஓ.ஹெச்.என்.எஸ். என்று எஃகின் பேரையும், கடினத்தின் அளவு 60 ஹெச்ஆர்சி வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தால் சூட்டைக் கருவியால் அளந்து செய்து தருவார்கள். கரி உலையில் கண்ணால் பார்த்துச் செய்வதில் இந்தத் துல்லியம் வராது. ஓ.ஹெச்.என்.எஸ்.ஸில் உள்ள கலவைகள் எஃகுக்குள் சீராகக் கரைய அந்தச் சூட்டில் நிற்க வேண்டும், கரி நெருப்பில் அப்படி நிறுத்துவதற்குப் பல காலப் பழக்கம் வேண்டும். பட்டறையில் தொல்லை என்னவென்றால் குறைந்தபட்சக் கட்டணம். ஒரு கத்தி கொடுத்தாலும் சில கிலோவுக்கான காசு வாங்குவார்கள், மற்ற வேலைகளோடு சேர்த்துப் போடுவதால் காத்திருக்கவும் வேண்டும். நண்பர்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் தலைக்கு வரும் செலவு கரி மூட்டை விலைக்கு இறங்கிவிடும். அலகைப் படுக்க வைக்காமல் தொங்கவிட்டுச் செய்யும்படி கேளுங்கள், மெல்லிய பட்டை படுத்தால் வளையும்.

எங்கே செய்தாலும் இரண்டு வேலையை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். பிடிக்கான துளைகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும், இறுகிய பிறகு துளை போடுவது பெரும்பாடு. கூர் வரும் ஓரத்தை 1 மி.மீ. கனத்தில் விட்டுவைக்க வேண்டும், முன்பே மெலிய வைத்தால் எண்ணெயில் முக்கும்போது நெளியும், வெடிக்கவும் செய்யும்.

மூன்றாவது வழி ஊர்க் கொல்லர். இன்னும் துருத்தியோ புளோயரோ ஓடும் பட்டறை பக்கத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. லாரிப் பட்டையில் செய்ய ஆசை என்றால் அவரிடம் போவதே முறை. காய்ச்சி, நீட்டி, மெலிய அடித்துத் தருவார், பதமும் அவரே ஏற்றித் தருவார். தன் கைக்குப் பழகிய எஃகின் நிறத்தை அவர் அளவுக்கு எந்த மீட்டரும் படிக்காது. ஆனால் ஓ.ஹெச்.என்.எஸ். எடுத்துக்கொண்டு போனால், எண்ணெயில்தான் முக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பழக்கத்தில் தண்ணீரில் விட்டால் அலகு வெடித்துவிடும். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஒரு நாள் நெருப்பு முன் நின்று பார்த்தால் அந்தக் கூலி எவ்வளவு குறைவு என்று தெரியும்.

கருவி

நாலு தேர்வு. அரம், ஆங்கிள் கிரைண்டர், பெஞ்ச் கிரைண்டர், பெல்ட் கிரைண்டர்.

பெல்ட் கிரைண்டர் பல பத்தாயிரம் ரூபாய் சமாச்சாரம், இப்போதைக்குப் பேச்சில்லை. பெஞ்ச் கிரைண்டரின் கல் வட்டமாக இருப்பதால் அலகின் பக்கங்கள் குழி குழியாக வரும், சூடும் சீக்கிரம் ஏறும். வெல்டிங் கடைக்காரர்கள் ஏஜி-4 என்று சொல்லும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளிவடிவத்தை வெட்ட இதற்கு நிகரில்லை. பட்டையை அரை மணியில் கத்தி உருவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் கூருக்கான சரிவை இதில் எடுப்பது வேறு கதை. ஒரு நொடி கை சாய்ந்தால் ஆழமாக ஒரு பள்ளம் விழும், அதைச் சமன் செய்ய மொத்த அலகையும் மெலிய வைக்க வேண்டியிருக்கும். டிஸ்கை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எங்கும் பார்க்கிற காட்சி. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், டிஸ்க் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். கண்ணாடியும் நல்ல மாஸ்க்கும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அரம் மெதுவானது, ஆனால் முதல் கத்திக்கு அந்த மெதுவே பாதுகாப்பு. ஒவ்வொரு தள்ளலிலும் எவ்வளவு போகிறது என்று தெரியும், தப்பு செய்தாலும் சின்னத் தப்பாகத்தான் இருக்கும். அலகை ஒரு மரக்கட்டை மேல் வைத்து சி-கிளாம்பால் இறுக்குங்கள். ஓரத்தின் நடுவில் கோடு கிழித்து, பக்கத்தை மார்க்கரால் கறுப்பாக்குங்கள். 10 அங்குல பாஸ்டர்டு (சொரசொரப்பான பல் உள்ள) அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் பல்லில் அடைத்துக்கொண்டு கோடு போடாது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். கறுப்பு எங்கே போயிருக்கிறது, எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சாய்வு சரியா என்று அலகே சொல்லிவிடும். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து என்று மாற்றி மாற்றிச் செய்தால் நடுக்கோடு நகராது. சாயங்காலம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு வாரம், பத்து நாளில் சரிவு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் காதுக்கும் பாதகமில்லை, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாஸ்டர்டு அரம் ஒன்று, ஸ்மூத் அரம் ஒன்று, ஹாக்சா, இரண்டு சி-கிளாம்பு, 80 முதல் 400 வரை எமரித் தாள் என்று வாங்கினால் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் அடங்கும். வைஸ் இருந்தால் சௌகரியம். டிரில்லிங் மெஷின் இரவல் கிடைக்கும், இல்லையென்றால் பக்கத்து கிரில் கடையில் இரண்டு துளை போட்டுத் தருவார்கள். பதம் ஏற்றியபின் மிச்சமிருக்கும் தேய்ப்பை எமரித் தாள், கல், தண்ணீர் என்று கையாலேயே முடிக்கலாம். கிரைண்டரில் செய்வதென்றால் வெறும் விரலால் அலகைப் பிடியுங்கள், விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளி, பூவரசு, வேங்கை எதுவானாலும் நன்கு காய்ந்ததாக இருந்தால் சரி. ஐந்து நிமிட பசையைவிட மெதுவாகக் காயும் அரால்டைட் உறுதியானது. பசையை மட்டும் நம்பாமல் இரண்டு பித்தளை ஆணியும் அடித்துவிடுங்கள்.

ஆக, யாருக்கு எது?

அடுக்குமாடியில் இருந்தால் ஓ.ஹெச்.என்.எஸ். பட்டை, அரம், ஹார்டனிங் பட்டறை. இதில் நெருப்பும் இல்லை, சத்தமும் இல்லை, கத்தியின் தரமும் மற்ற வழிகளைவிட மேல். பொதுவாக எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே ஏஜி-4 வைத்திருப்பவர், சின்னக் கத்தி போதும் என்றால், பழைய அரத்தை ஓடிஜியில் இளக்கித் தேய்க்கலாம், செலவே கிடையாது. கொல்லை உள்ள கிராமத்து வீடு என்றால் கரி உலையைச் செய்து பார்க்காமல் இருக்காதீர்கள், ஆனால் கத்தியில் இறங்கும் முன் அதே பட்டையின் வெட்டுத் துண்டுகளில் நாலைந்து முறை காய்ச்சி முக்கி, உடைத்துப் பார்த்து, கண்ணைப் பழக்குங்கள். உடைந்த இடம் மாவு போல நுண்மையாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சூடு சரி. கற்கண்டு போலப் பெரிய மணிகளாக மினுங்கினால் அதிகமாகக் காய்ச்சிவிட்டீர்கள்.

அளவு விஷயத்தில் சட்டமும் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்தவை அதில் சேராது. 6 அங்குலச் சமையல் கத்திக்கு ஒரு தொல்லையும் இல்லை. வாள், குத்துவாள் வடிவங்களை வீட்டில் செய்து வைப்பது வேண்டாத வம்பு.

செலவு போக ஐந்தாயிரத்தில் மிச்சம் இருக்கும். அதைக் கிரைண்டருக்குச் சேர்த்து வைக்காமல் 1000 கிரிட் தண்ணீர்க் கல் ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், ஓரத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று தீட்டி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். அடுத்த கத்திக்கு நீங்கள் எந்த மெஷின் வாங்கினாலும் இந்தக் கல் கூடவே வரும்.